2009 சான்ட்ரோ: பிரேக் பிடிச்சுக்குது, மைலேஜும் இறங்கிடுச்சு, எங்க இருந்து ஆரம்பிக்கலாம்?

காரவள்ளி_ரோடு:

வணக்கங்க. அப்பா வாங்குன 2009 சான்ட்ரோ ஜிங், பெட்ரோல், 1086 சிசி, இன்னும் நம்ம வீட்டுலதான் ஓடிட்டு இருக்குது. 15 வருஷம் முடிஞ்சு எஃப்சி காட்டி ஆர்சியும் புதுப்பிச்சாச்சு, அதனால இன்னும் கொஞ்ச வருஷத்துக்கு வண்டிய மாத்துற யோசனையே இல்லீங்க, இதையே ஒழுங்கா வச்சுக்கலாம்னு இருக்கேன்.

பிரச்சனை என்னன்னா, நாமக்கல் டவுனுக்குள்ள ஓட்டுறப்ப ஒண்ணும் தெரியாது. சேலம் ரோட்டுல ஒரு அரை மணி நேரம் ஓட்டுனா முன்னாடி லெஃப்ட் வீல் பக்கம் கருகுன வாடை வருது, வண்டி லேசா இடது பக்கம் இழுக்குது. போன மாசம் கொல்லிமலைக்கு அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போயிட்டு இறங்குறோம், 70 கொண்டை ஊசி வளைவுன்னு எல்லாருக்கும் தெரியும், அடிவாரத்துக்கு இன்னும் கொஞ்சம் வளைவுதான் இருக்குங்கறப்ப பெடல் பஞ்சு மாதிரி ஆகி கீழ போயிடுச்சு. ரெண்டு மூணு தடவ பம்ப் பண்ணி, ஃபர்ஸ்ட் கியர் போட்டு ஓரமா நிறுத்திட்டோம். முக்கால் மணி நேரம் கழிச்சு மிதிச்சுப் பார்த்தா பெடல் பழையபடி நல்லா இருக்குது! அம்மா இப்ப அந்த வண்டில ஏற மாட்டேங்கறாங்க.

மைலேஜும் முன்ன 15 வரைக்கும் கொடுத்துட்டு இருந்தது இப்ப 11 தான். ஒரு மெக்கானிக் பிரேக் பேட் மட்டும் மாத்திட்டு எல்லாம் சரி போங்கன்னாரு, வாடை நிக்கல. இன்னொருத்தர் ரெண்டு கேலிப்பரும் (பேட வச்சு டிஸ்க்கக் கவ்வுற சாமான்) புதுசு போடணுங்கறாரு, மைலேஜுக்கு இன்ஜெக்டர் கிளீனிங் பண்ணலாம்னு அதுக்குத் தனி பில் சொல்றாரு. சித்தப்பா என்னடான்னா இறக்கத்துல எல்லாம் நியூட்ரல் போட்டு விடு, பெட்ரோல் மிச்சம், பழைய அம்பாசடர்ல நாங்க அப்படித்தான் ஓட்டுனோம்ங்கறாரு. எதை முதல்ல செய்யுறதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க, கையில ஸ்பேனர் செட், ஜாக்கி எல்லாம் இருக்குது, ஓரளவுக்கு நானே செய்வேன்.

---

ரிக்_வண்டி_தம்பி:

நண்பா நீங்க ரெண்டு பிரச்சனைன்னு எழுதியிருக்கீங்க, எனக்குப் படிச்சா ஒரே பிரச்சனையாத்தான் தெரியுது. முன்னாடி லெஃப்ட் பிரேக் விடாம பிடிச்சுட்டே இருக்கு. இன்ஜின் ஒரு பக்கம் இழுக்குது, பிரேக் ஒரு பக்கம் நிறுத்தப் பார்க்குது, பெட்ரோல் எல்லாம் அந்த டிஸ்க்குல சூடாப் போகுது. மைலேஜ் அப்புறம் எங்க இருந்து வரும். இன்ஜெக்டர் கிளீனிங் இப்ப வேண்டாம், காச பையில வைங்க.

மலையில பெடல் கீழ போனதுக்கும் இதே சூடுதான் காரணம். இறக்கத்துல பிரேக் ஃபெயிலாகறது ரெண்டு விதம், பெடல் கல்லு மாதிரி கெட்டியா இருக்கும் ஆனா வண்டி நிக்காது, அது பேட் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போறது. உங்களுக்கு ஆனது அது இல்ல, பெடல் கீழ போயிருக்கு, ஆறினதும் திரும்ப வந்திருக்கு, அப்ப பிரேக் ஆயில் கேலிப்பருக்குள்ள கொதிச்சு ஆவியாகியிருக்கு. ஆயிலை அமுக்க முடியாது, ஆவிய அமுக்கலாம், அதான் பெடல் இறங்குது. பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை மெதுவா இழுத்துக்கும். புது டாட் 3 ஆயில் (டாட்ங்கறது பிரேக் ஆயிலோட தரம்) குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காம தாங்கணும்னு கணக்கு, ஈரம் ஏறிட்டா அது 140க்கு வந்துடும். டாட் 4 னா புதுசுல 230, ஈரத்தோட 155. உங்க வண்டில கடைசியா எப்ப ஆயில் மாத்துனாங்கன்னு ஞாபகம் இருக்கா? மேல ஊத்தறது மாத்துறது ஆகாது, முழுசா வெளிய எடுத்துட்டுப் புதுசு விடணும், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை.

இப்ப எது பிடிக்குதுன்னு கண்டுபிடிக்கற வேலை, இதுல ஒரு பொருளும் வாங்க வேண்டாம். வாடை வர்ற அளவுக்கு ஓட்டிட்டு வந்து, கடைசி கொஞ்ச தூரம் பிரேக்க அதிகம் மிதிக்காம நிறுத்துங்க. நாலு வீல் நடுவுலயும் புறங்கையக் கிட்ட கொண்டு போய்ப் பாருங்க, தொட வேண்டாம் சுட்டுடும். லெஃப்ட் மட்டும் அனல் அடிக்கும் பாருங்க. அந்தச் சூட்டோடயே, அதாவது பிடிச்சுட்டு இருக்கறப்பவே, சமதளத்துல நிறுத்தி பின் வீலுக்குக் கல்லு வச்சு முன்னாடி ஜாக்கி போட்டு ஸ்டாண்டும் கொடுத்து நியூட்ரல்ல வீல கையால சுத்துங்க. லேசா உரசுற சத்தம் வரலாம் அது பரவாயில்ல, கையால சுத்தவே முடியலைன்னா ஜாம்.

அடுத்ததுதான் முக்கியம். கேலிப்பர் பின்னாடி இருக்கற ப்ளீடர் நிப்பிள்ல, அதாவது ஆயிலையும் காத்தையும் வெளிய எடுக்கற திருகுல, ஒரு சின்ன டியூப் மாட்டி, டியூப் மறு முனைய ஒரு பாட்டில்ல விட்டு நிப்பிள கால் திருப்பு லூஸ் பண்ணுங்க. யாரும் பெடல மிதிக்கக் கூடாது. ஆயில் சுர்ர்னு பீய்ச்சிட்டு வீல் ஃபிரீயாச்சுன்னா உள்ள பிரஷர் மாட்டிட்டு நிக்குதுன்னு அர்த்தம், கேலிப்பர் மேல தப்பு இல்ல. லூஸ் பண்ணியும் வீல் அப்படியே இருக்குன்னா கேலிப்பர் பிஸ்டனோ, கேலிப்பர் நகர்றதுக்கு இருக்கற ஸ்லைடு பின்னோ துருப்பிடிச்சு மாட்டிட்டு இருக்கு. ரெண்டு கேலிப்பரும் மாத்தணும்னு சொன்னவர் இதைச் செஞ்சு பார்த்துட்டா சொன்னாருன்னு கேளுங்க.

பிரஷர்தான் மாட்டியிருக்குன்னா எனக்கு முதல் சந்தேகம் பிரேக் ஹோஸ். அந்த ரப்பர் ஹோஸ் வெளிய பார்க்க நல்லா இருக்கும், உள்ள உப்பி ஓட்டை அடைச்சுடும். நாம மிதிக்கற அழுத்தத்துக்கு ஆயில் உள்ள போயிடும், கால எடுத்தா திரும்பி வராது. ஒரு வீல் மட்டும் பிடிச்சா ஹோஸ். லெஃப்ட் முன்னாடியும் ரைட் பின்னாடியும் சேர்ந்து பிடிச்சா, இல்ல நாலுமே பிடிச்சா, பெடல் அழுத்தத்த ஆயிலுக்குக் கொடுக்கற மாஸ்டர் சிலிண்டரப் பாருங்க, இந்த மாதிரி வண்டிகள்ல லைன் குறுக்கால பிரிஞ்சுதான் போகும். பெடல்ல ஃபிரீ பிளே கொஞ்சமாவது இருக்கான்னும் பாருங்க, கால எடுத்த பிறகும் பின்னாடி பிரேக் லைட் எரிஞ்சுட்டே இருந்தா பெடலே முழுசா மேல வரலன்னு அர்த்தம்.

ஒரு கேள்வி, இடது பக்கம் இழுக்குதுன்னு சொன்னீங்களே, பிரேக் மிதிக்கறப்பவா சும்மா போறப்பவா?

---

தாம்பரம்_பாஸ்:

சித்தப்பா சொன்னத மட்டும் செஞ்சுடாதீங்க பாஸ், அதுக்காகத்தான் லாகின் பண்ணேன்.

அம்பாசடர் காலத்துல கார்புரேட்டர், நியூட்ரல் போட்டா கொஞ்சம் மிச்சம் ஆகியிருக்கும், அவர் சொல்றது அந்த வண்டிக்கு. உங்க சான்ட்ரோ இன்ஜெக்ஷன் வண்டி. கியர்ல இருக்கறப்ப ஆக்சிலரேட்டர்ல இருந்து கால எடுத்துட்டு இறக்கத்துல இறங்குனா இசியூ, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர், இன்ஜெக்டரையே நிறுத்திடும், சக்கரம்தான் இன்ஜினச் சுத்துது, ஆர்பிஎம் ஐட்லிங் கிட்ட வர்ற வரைக்கும் ஒரு சொட்டு பெட்ரோல் போகாது. நியூட்ரல் போட்டீங்கன்னா இன்ஜின் அணையாம இருக்க அது பாட்டுக்குக் குடிச்சிட்டு இருக்கும். அதாவது சித்தப்பா முறையில பெட்ரோலும் போகுது, வண்டிய நிறுத்துற மொத்த வேலையும் பிரேக் தலையில விழுது. ஏற்கனவே கொதிக்கற பிரேக்குக்கு இது வேறயா.

சிலபேர் இதவிட மோசம், சாவியவே ஆஃப் பண்ணிட்டு இறங்குவாங்க. இன்ஜின் நின்னா பூஸ்டருக்கு (நம்ம மிதிக்குப் பலம் சேர்க்கற சாமான்) வாக்குவம் கிடையாது, ரெண்டு மூணு மிதிக்குத்தான் மிச்சம் இருக்கும், அப்புறம் பெடல் கல்லாயிடும், ரொம்ப பலமா மிதிச்சாத்தான் வண்டி நிக்கும். ஸ்டீயரிங்கும் கனமாயிடும், சாவிய முழுசா திருப்பிட்டா பூட்டிக்கும். மலை ஏறுன கியர்லயே இறங்குங்கன்னு லாரிக்காரங்க சொல்றது சும்மா இல்ல. பிரேக்க தேய்ச்சுட்டே வராம, தேவைப்படுறப்ப நல்லா அழுத்தி மிதிச்சு வேகத்தக் குறைச்சுட்டு விட்டுடணும், நடுவுல அதுக்கு ஆற நேரம் கிடைக்கும்.

பிரேக் சரியாகற வரைக்கும் கொல்லிமலை பக்கம் போகாதீங்க. அம்மா சொல்றது சரிதான்.

---

காரவள்ளி_ரோடு:

ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். இழுக்கறது சும்மா போறப்பவே இழுக்குதுங்க, அதுவும் சூடான பிறகுதான். பிரேக் ஆயில் மாத்துனதா அப்பாவுக்கு ஞாபகமே இல்ல, "குறைஞ்சா ஊத்துவோம்"ங்கறாரு. இந்த ஞாயித்துக்கிழமை நிப்பிள் டெஸ்ட் பண்ணிடறேன். ஹேண்ட் பிரேக்கும் மேல வரைக்கும் இழுத்தாத்தான் பிடிக்குது, அதையும் சேர்த்து டைட் பண்ணிடலாமா?

---

லேத்_பட்டறை_மாமா:

தம்பி, நான் நாமக்கல்லுதான், லாரி வேலை பாக்கற பட்டறை, காரும் வரும். சும்மா போறப்பவே இழுக்குதுன்னா இழுக்கற பக்கம்தான் பிடிக்குது, அவரு சொன்னது சரி. மிதிக்கறப்ப மட்டும் இடது பக்கம் இழுத்திருந்தா வலது பக்கம் பிடிக்கலன்னு பாத்திருக்கணும், அங்கதான் நெறைய பேரு ஏமாந்து நல்ல கேலிப்பரக் கழட்டுறது.

நிப்பிள் திறக்கறதுக்கு முன்னாடி நாள் ராத்திரியே துரு விடற ஸ்ப்ரே அடிச்சு வை. ரிங் ஸ்பேனர் போடு, ஓப்பன் ஸ்பேனர் போட்டா முனை வழுக்கிரும், இத்தன வருஷம் திறக்காத நிப்பிளு ஒடஞ்சுதுன்னா அப்புறம் நெசமாவே கேலிப்பர் வாங்கணும். கேலிப்பரக் கழட்டுனா ஹோஸ்ல தொங்க விடாத, கம்பில கட்டி ஸ்பிரிங்ல மாட்டி வை.

கழுவறதுக்கு டீசலு பெட்ரோலு ஒண்ணும் தொடாத. லாரி பட்டறைப் பசங்களுக்கு எதுக்கெடுத்தாலும் டீசல்ல முக்கற பழக்கம், அந்த டீசலு பிரேக் ரப்பர்ல பட்டா ரப்பரு ஊதிரும், நல்லா இருந்த பிஸ்டனும் ரெண்டு மாசத்துல மாட்டிக்கும். ரப்பரையும் பிஸ்டனையும் பிரேக் ஆயில்லயே கழுவு. ஸ்லைடு பின்னுக்கு பேரிங் கிரீஸ் அப்பி விடறாங்க, அதும் தப்பு, பிரேக்குக்குன்னே சிலிக்கான் கிரீஸ் சின்ன பாக்கெட்ல வருது அதைக் கேட்டு வாங்கு. பின்ன வெளிய எடுத்து எம்ரி பேப்பர்ல லேசா தேச்சு, கையால தள்ளுனா வழுக்கிட்டுப் போகணும். போன தடவ பேட் மாத்துனவரு பின்னக் கழட்டிருக்கவே மாட்டாரு, பந்தயம் கட்றேன்.

பிஸ்டன உள்ள தள்றதுக்கு முன்னாடி மேல பிரேக் ஆயில் டப்பா மூடியத் திறந்து பாத்துக்க, ஆயில ரொப்பி வச்சிருந்தா பொங்கி பெயிண்ட் மேல வழியும், அந்த எடத்துல பெயிண்ட் உரிஞ்சு வந்துரும், உடனே தண்ணி ஊத்திரு. பேட் தேய தேய டப்பால ஆயிலு எறங்கத்தான் செய்யும், அதுக்கு ஊத்திட்டே இருக்க வேண்டியது இல்ல. பேட் தேயாமயே குறைஞ்சுதுன்னா எங்கயோ லீக்கு, பின்னாடி டிரம்மத் தொறந்து வீல் சிலிண்டர் ரப்பரத் தூக்கிப் பாரு, ஈரமா இருந்தா போச்சு. டிரம்முக்குள்ள தூசிய வாயால ஊதாத, ஏர் புடிக்காத, ஈரத் துணியால தொடச்சு எடு, பழைய லைனர்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும்.

ஹேண்ட் பிரேக் கேட்டியே. லீவர் கிட்ட நட்டத் திருகி டைட் பண்றது சுலபம், எல்லாரும் அதான் பண்றாங்க. டிரம்முக்குள்ள இருக்கற பிரேக் ஷூ தேஞ்சு போனதால கேபிள் தூரமாயிருக்கும், அத விட்டுட்டு கேபிள இழுத்துக் கட்டுனா ஷூ எப்பவும் பாதி விரிஞ்சே நிக்கும், தானா அட்ஜஸ்ட் ஆகற சாமானும் வேலை செய்யாது. அப்புறம் பின்னாடியும் உரசும், மைலேஜு இன்னும் குறையும். மொதல்ல டிரம்மக் கழட்டி ஷூவப் பாரு, அட்ஜஸ்டர சுத்தம் பண்ணி ஷூவ செட் பண்ணு, கடைசியாத்தான் கேபிளு.

டிஸ்க்க சீவணும்னா கொண்டு வா, ஆனா டிஸ்க்லயே குறைஞ்சபட்ச கனம் அச்சடிச்சிருக்கும், அதுக்குக் கீழ வர்றதா இருந்தா நான் சீவ மாட்டேன், புதுசுதான். எல்லாம் மாட்டுனதும் வண்டிய நவுத்தறதுக்கு முன்னாடி பெடல நாலஞ்சு தடவ மிதிச்சு கெட்டி பண்ணிக்க. இத மறந்துட்டு நேரா செவுத்துல கொண்டு போய் விட்டவங்கள நான் பாத்திருக்கேன்.

---

சிங்காநல்லூர்_சிக்கனம்:

பிரேக் பத்தி எல்லாரும் சொல்லிட்டாங்க, நான் மைலேஜ் மட்டும் பேசறேன்.

மொதல்ல 11 ங்கறத எப்படிக் கணக்குப் போட்டீங்க? ஐநூறு ரூபாய்க்கு அடிச்சு முள்ளப் பார்த்துச் சொல்றதா இருந்தா அந்தக் கணக்க விட்டுடுங்க. ஒரே பங்க், முடிஞ்சா அதே பம்ப், தானா கட் ஆகற வரைக்கும் ஃபுல் டேங்க், டிரிப் மீட்டர் ஜீரோ, ஒரு 300 கிலோமீட்டராவது ஓட்டிட்டு மறுபடி ஃபுல் டேங்க். ஓடுன தூரத்த ரெண்டாவது தடவ ஏறுன லிட்டரால வகுக்கணும். பிரேக் வேலைக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு எடுத்தாத்தான் எவ்வளவு திரும்பி வந்ததுன்னு தெரியும்.

டயர் காத்து டிரைவர் கதவு பக்கம் ஸ்டிக்கர்ல இருக்கற அளவு, காலையில வண்டி ஓடாதப்ப. அலைன்மெண்ட் பாருங்க, முன் டயர் ஓரம் மட்டும் ரம்பம் மாதிரி தேஞ்சிருந்தா டோ, அதாவது சக்கரம் உள்ளயோ வெளியயோ திரும்பி நிக்கற கோணம், தப்பு, அதுவும் பிரேக் மாதிரியேதான், வண்டிய உராய்ஞ்சுட்டே இழுத்துட்டுப் போகும்.

அப்புறம் நம்ம ஊர் ஸ்பெஷல் ஒண்ணு இருக்கு, தெர்மோஸ்டாட், இன்ஜின் சூடாகற வரைக்கும் ரேடியேட்டருக்குத் தண்ணி போகாம மூடி வைக்கற வால்வு. "வெயில் ஊருக்கு இது எதுக்கு"ன்னு சொல்லி வண்டி ஒரு தடவ ஹீட் ஆனதும் கழட்டித் தூக்கிப் போட்டுடறாங்க. அது இல்லன்னா இன்ஜின் சரியான சூட்டுக்கு வர ரொம்ப நேரம் ஆகும், சில சமயம் வரவே வராது, இசியூ இன்ஜின் இன்னும் குளிர்ச்சியா இருக்குன்னு நெனச்சு பெட்ரோல சேர்த்துச் சேர்த்து விடும். ஹைவேல போறப்ப டெம்பரேச்சர் முள் நடுவுல நிக்காம கீழ இறங்குதான்னு பாருங்க. இறங்குச்சுன்னா அது கழட்டியிருக்கும், இல்ல திறந்தபடியே மாட்டியிருக்கும். சின்ன பொருள்தான், மைலேஜ நல்லாவே தின்னுடும்.

இன்னொண்ணு, பிரேக்கும் மைலேஜும் சேர்ற இடம், பூஸ்டர். இன்ஜின் ஆஃப்ல பெடல நாலஞ்சு தடவ மிதிச்சு கெட்டியானதும் அப்படியே அழுத்தி வச்சுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க, பெடல் கொஞ்சம் கீழ இறங்கணும். இறங்கலன்னாலோ, மிதிக்கறப்ப புஸ்ஸுன்னு சத்தம் தொடர்ந்து வந்து ஐட்லிங் ஆடுச்சுன்னாலோ பூஸ்டருக்குள்ள இருக்கற ரப்பர் டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கும், இல்ல வாக்குவம் ஹோஸ் வெடிச்சிருக்கும், அந்த வழியா கணக்கில்லாத காத்து இன்ஜினுக்குள்ள போகுது.

ஏர் ஃபில்டர் மாத்துனா மைலேஜ் எகிறும்ங்கறது கார்புரேட்டர் காலத்துக் கதை. இன்ஜெக்ஷன் வண்டில அடைச்சா பிக்கப்தான் போகும், அதுக்காக மாத்தாம இருக்காதீங்க. பழைய ஆக்சிஜன் சென்சார் சோம்பேறியாகி பெட்ரோல் கூடப் போறது உண்டு, ஆனா ஸ்கேனர் போட்டுப் பார்க்காம அதுக்குக் காசு போடாதீங்க. காந்தம், மாத்திரை, டேங்க்ல ஊத்தற சிரப் இதெல்லாம் நான் சொல்லவே வேண்டியதில்ல.

கடைசியா மனசத் தேத்திக்க ஒரு விஷயம். இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனால்ல லிட்டருக்கு சக்தி பெட்ரோலவிட மூணுல ஒரு பங்கு கம்மி. 2021ல நிதி ஆயோக் போட்ட அறிக்கையிலயே, சாதா பெட்ரோலுக்கு வடிவமைச்சு இ10க்கு டியூன் பண்ணுன கார்கள்ல 6ல இருந்து 7 சதவீதம் மைலேஜ் குறையும்னு இருக்கு. அதனால பழைய 15 ஐ எதிர்பார்க்காதீங்க, எல்லாம் சரி பண்ணி 14 வந்தா ஜெயிச்ச மாதிரி. இ20 குடிக்கற பழைய வண்டில இன்ஜின் பக்கம் இருக்கற பெட்ரோல் ரப்பர் ஹோஸையும் ஒரு தடவ வளைச்சுப் பாருங்க, வெடிப்பு தெரிஞ்சா உடனே மாத்திடுங்க.

---

காரவள்ளி_ரோடு:

அப்டேட்ங்க. நிப்பிள லூஸ் பண்ணுனதும் ஆயில் பீய்ச்சி அடிச்சுது, அதுவரைக்கும் அசையாத வீலு கையால சுத்துது! ஹோஸ்தான். பழைய ஹோஸ பிளேடு வச்சு நீளவாக்குல கிழிச்சுப் பார்த்தேன், வெளிய ஒரு கீறல் இல்ல, உள்ள ரப்பர் உப்பி குண்டூசி நுழையற அளவுக்குத்தான் வழி இருக்குது, ஒரு இடத்துல சின்ன நாக்கு மாதிரி உரிஞ்சு தொங்குது. ஆயில் வேற டிகாஷன் கலர்ல இருந்துச்சு. முன்னாடி ரெண்டு பக்கமும் புது ஹோஸ், டாட் 4 ஆயில் விட்டு நாலு வீல்லயும் பிரேக் லைன்ல இருந்து ஏர் எடுத்தாச்சு. மாமா சொன்ன பந்தயத்துல அவரே ஜெயிச்சாருங்க, ஸ்லைடு பின் ஒண்ணு சுத்தியால தட்டித்தான் வெளிய வந்துது. கேலிப்பர் ரெண்டும் பழசேதான்.

தெர்மோஸ்டாட் கூட்டைத் திறந்தா உள்ள ஒண்ணுமே இல்ல, வெறும் கூடு. யாரு எப்பக் கழட்டுனாங்கன்னு அப்பாவுக்கும் தெரியல. அது இன்னும் போடல, கடையில ஆர்டர் சொல்லியிருக்கேன். பிரேக் வேலைக்கு அப்புறம் ஃபுல் டேங்க் கணக்குல 13 க்குக் கொஞ்சம் மேல வருது, வாடை சுத்தமா இல்ல. பின்னாடி டிரம் அடுத்த வாரம்.

ஒரு சந்தேகம், புது ஹோஸ் கேலிப்பர்ல சேர்ற போல்ட் கிட்ட லேசா ஈரம் தெரியுதுங்க. இன்னும் டைட் பண்ணிரட்டுமா?

---

லேத்_பட்டறை_மாமா:

டைட் பண்ணாத, போல்ட் ஒடஞ்சுரும். பழைய காப்பர் வாஷரயே போட்டியா? அது ஒரு தடவ நசுங்குனா அவ்வளவுதான். போல்ட் போற ஹோஸ் முனைக்கு மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு புது வாஷர் போட்டு மாட்டு, ஏர் மறுபடியும் எடுக்கணும். அது முடியற வரைக்கும் வண்டிய வெளிய எடுக்காத. மாட்டுனதும் ஸ்டீயரிங்க அந்தக் கோடி இந்தக் கோடி வரைக்கும் திருப்பி ஹோஸ் முறுக்குதா, டயர்ல உரசுதான்னு பாத்துக்க.